ஏசி ஃபேன் சத்தத்துக்கு டேஷ்போர்டை இறக்க வேண்டாம்: ப்ளோயரை வீட்டிலேயே கழட்டிச் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி இது: '2016 மாடல் சின்ன கார். ஏசி ஃபேனை ஒன்றில் வைத்தால் சத்தமில்லை. இரண்டு, மூன்றுக்குப் போனால் டேஷ்போர்டின் இடதுபக்கம் டர்ர் என்று அதிர்கிறது. சில நேரம் டக் டக் என்கிறது. காற்றும் முன்பு போல வருவதில்லை. டேஷ்போர்டை இறக்கி மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். நானே வீட்டில் கழட்டிச் சுத்தம் செய்ய முடியுமா?'

முடியும். டேஷ்போர்டை இறக்குவதெல்லாம் பெரும்பாலும் கூலிங் காயிலை வெளியே எடுக்கத்தான். ஏசி காற்றைத் தள்ளும் ஃபேனான ப்ளோயரின் மோட்டாருக்கு அந்தப் பாடு தேவையில்லை. நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், பக்கத்து சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு மேலே, கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கப்ளர் (வயரை இணைக்கும் பிளக்), மூன்று ஸ்க்ரூ. முதல் தடவை செய்பவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். என் இரண்டு கார்களிலும், தம்பி வண்டியிலும், மச்சான் வண்டியிலும் இதைச் செய்திருக்கிறேன். அதில் ஒன்றில் மட்டும்தான் மோட்டார் உண்மையாகவே தேய்ந்திருந்தது. மற்றவற்றில் மோட்டார் நன்றாகவே இருந்தது, அதன் தலையில் இருக்கும் விசிறிச் சக்கரம்தான் குப்பையைச் சுமந்துகொண்டு சுற்றியது. அதனால் புது மோட்டாருக்குப் பணம் கொடுக்கும் முன் பழையதை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

எதையும் கழட்டும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இன்ஜினை ஓட விடாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, ஃபேனை ஒவ்வொரு வேகமாக ஏற்றுங்கள். பேட்டரி இறங்கிவிடும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இன்ஜின் ஓடாதபோதும் அதே சத்தம் வந்தால் அது ப்ளோயர்தான். இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் ரேடியேட்டர் ஃபேன், பெல்ட், கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது கிளவ் பாக்ஸைக் கழட்டுவது வீண் வேலை. பின்பக்கமும் ஏசி உள்ள ஏழு சீட் வண்டிகளில் தனியாக இன்னொரு ப்ளோயர் இருக்கும். சத்தம் முன்னாலா பின்னாலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தின் குணமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். காகிதம் உரசுவது போல 'சர சர', அல்லது வேகத்தோடு சேர்ந்து விரையும் 'டக் டக்' என்றால் இலையோ குச்சியோ சக்கரத்துக்குள் இருக்கிறது. வேகம் ஏற ஏற டேஷ்போர்டே அதிர்ந்தால் சக்கரத்தின் சமநிலை போய்விட்டது. காலையில் முதல் ஓட்டத்தில் 'கீச்' என்று கத்தி, ஐந்து நிமிடத்தில் அடங்கினால் மோட்டாரின் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வளையம், வறண்டிருக்கிறது. ஃபேனே ஓடாதபோதும், சாவி போட்டதும் உள்ளே 'கட கட' என்று எண்ணினாற்போலச் சத்தம் வந்தால், அது காற்று வழியைத் திருப்பும் தட்டை ஓட்டுகிற சின்ன மோட்டார். அதன் பல்சக்கரம் உடைந்திருக்கும், ப்ளோயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்வதில் முதல் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. காற்று குறைந்திருப்பதும் அதோடு பொருந்துகிறது. ஃபில்டரும் அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றில் அமைதியாக இருப்பது மூன்றில் ஏன் அதிர்கிறது என்று கேட்டால், சமநிலை தவறிய சக்கரம் வெளிப்பக்கம் இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கொஞ்சம் புழுதிகூட மேல் வேகத்தில் டேஷ்போர்டை ஆட்டிவிடுகிறது. அதை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். சுத்தம் செய்தால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை மோட்டார் மாற்றும் வேலையாக வளர்வது இப்படித்தான்.

இந்தச் சக்கரத்தின் பூர்வீகத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அணில் கூண்டு போல, சுற்றிலும் சின்னச் சின்னக் கத்திகள் நின்றிருக்கும் இந்த விசிறி வடிவத்தை உருவாக்கியவர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். அயர்லாந்துக்காரர். 1864ல் அஸ்ஸாம் பக்கம் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். தேயிலையைக் காயவைக்கும் இயந்திரங்களில் மனதைச் செலுத்தி, 1881ல் பெல்ஃபாஸ்ட் நகரில் சிராக்கோ என்ற பெயரில் ஆலை தொடங்கினார். முன்னோக்கி வளைந்த கத்திகள் கொண்ட இந்த விசிறி 1890களின் இறுதியில் வந்தது. குறைந்த இடத்தில், குறைந்த சுற்றில் நிறையக் காற்றைத் தள்ளும் என்பதால்தான் இன்றைக்கும் கார் டேஷ்போர்டுக்குள் அதுவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த வளைவே அதன் பலவீனமும் ஆகும். ஒவ்வொரு கத்தியும் குழித்த உள்ளங்கை போல இருப்பதால் புழுதி அந்தக் குழியில்தான் படிந்து இறுகுகிறது. சுத்தம் செய்யும்போது கத்திகளின் முதுகை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வேலைக்கு வருவோம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இரண்டு வேண்டும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. பிடி குட்டையான அந்தக் குட்டி டிரைவர் இல்லாமல் மூன்றாவது ஸ்க்ரூவிடம் தோற்றுப்போவீர்கள். அது எப்போதும் டேஷ்போர்டின் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கும். சில வண்டிகளில் ஸ்க்ரூ தலை அறுகோணமாகவும் இருக்கும், அதற்கு 8 மில்லிமீட்டர் சாக்கெட் பெரும்பாலும் பொருந்தும். பேட்டரி டெர்மினலுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். ஒரு டார்ச், பழைய டூத் பிரஷ், பெயின்ட் அடிக்கும் அரை அங்குல பிரஷ், பஞ்சு சுற்றிய காதுக் குச்சிகள், கையுறை, முகக்கவசம். ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம்.

முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழட்டிவிட்டு பத்து நிமிடம் காத்திருங்கள். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்கு நேர் மேலே பக்கத்து சீட்டின் ஏர்பேக் இருக்கும். பேட்டரியைப் பிரித்த பிறகும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சற்று நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும், இந்தக் காத்திருப்பு அதற்காக. மஞ்சள் நிற வயர், மஞ்சள் நிற கப்ளர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக்குடையது. அதைத் தொடவே தொடாதீர்கள், டெஸ்டர் விளக்கை வைத்தும் பார்க்காதீர்கள். ஆடியோ சிஸ்டம் கோட் கேட்கும் வண்டியென்றால் அந்த எண்ணை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவ் பாக்ஸைக் காலி செய்து திறந்து, அதன் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்புகள் விடுபட்டு முழுதாகக் கீழே சாயும். ஒரு பக்கம் மெதுவாக இறங்க உதவும் சின்னக் கயிறோ கம்பியோ இருந்தால் அதன் கொக்கியை விடுவியுங்கள். பிறகு அடியில் இருக்கும் கீலிலிருந்து உங்கள் பக்கமாக இழுத்தால் வெளியே வந்துவிடும். சில மாடல்களில் மேல் விளிம்பில் ஸ்க்ரூக்கள் இருக்கும். பிளாஸ்டிக் வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், கண்ணில் படாத ஒரு ஸ்க்ரூ எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே முதலில் கண்ணில் படுவது ஃபில்டர் வைக்கும் செவ்வக மூடி. ஃபில்டரை வெளியே இழுங்கள். அதன் மேல் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள். பழைய அடிப்படை மாடல்கள் சிலவற்றில் ஃபில்டரே இருக்காது. அப்படிப்பட்ட வண்டியில் வேப்பிலை நேரே சக்கரத்துக்குள் விழுகிறது.

அதற்குக் கீழே உருண்டையாக, கறுப்பு மூடி போலத் தெரிவதுதான் மோட்டாரின் அடிப்பக்கம். தடிமனான இரண்டு வயர்கள் அதற்குள் போகும். கப்ளரின் நாக்கை அழுத்திப் பிடித்து, கப்ளரைப் பிடித்தே இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அது மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று வழி, அதையும் உருவுங்கள். மோட்டார் தட்டுக்கும் அதன் கூட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. இப்போது மூன்று ஸ்க்ரூக்கள். கடைசி ஸ்க்ரூவைத் திருகும்போது இடது கையால் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு கிலோ அளவுள்ள சாமான் அது, விட்டால் சக்கரம் தரையில் மோதிக் கத்தி உடையும். சில வண்டிகளில் ஸ்க்ரூவே கிடையாது, ஒரு பிளாஸ்டிக் பூட்டை அழுத்திக்கொண்டு மோட்டாரைத் திருப்பினால் கழன்று வரும். நேராகக் கீழே இறக்கிச் சற்றுச் சாய்த்து வெளியே எடுங்கள்.

என்ன வரும் என்பது உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. என் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பங்குனி, சித்திரையில் உதிர்ந்த பூவும் காம்பும் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக இறங்கி, கத்திகளின் குழியில் புழுதியோடு சேர்ந்து அடை அடையாக இறுகியிருந்தன. ஏசியை மூன்றிலும் நான்கிலும் ஓட்டுகிற கோடையில்தான் வேம்பும் பூக்கிறது. புளியமரத்தடி வண்டியானால் அந்தப் பொடி இலைகள் ஃபில்டரின் மடிப்புகளில் நிறையும்.

மச்சான் வண்டியில் வந்தது எலிக்கூடு. சீட் ஸ்பாஞ்சும் ஃபில்டர் காகிதமும் கிழித்துச் செய்த பஞ்சு மெத்தை. இது நம் ஊரில் அபூர்வமில்லை, அப்படி இருந்தால் அவசரப்படக் கூடாது. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். வெறும் கையில் தொடாதீர்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கூட்டின் மேல் நனையத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் பைக்குள் அள்ளிக் கட்டிவிடுங்கள். மோட்டார் உடம்பிலும் கப்ளரிலும் அந்தத் தண்ணீர் படக் கூடாது. அக்கம்பக்க வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பு தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் பேட்டரியை மாட்டக் கூடாது.

சக்கரத்தைச் சுத்தம் செய்வதில் நிதானம் வேண்டும். அது மோட்டார் தண்டில் இறுக்கிப் பொருத்தியிருக்கும், சிலவற்றில் ஒரு நட்டோ வளையக் கிளிப்போ பிடித்திருக்கும். நட் இருந்தால் கழட்டிச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைக்கலாம். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையலாம். அடித்து இறுக்கியதாக இருந்தால் நெம்பாதீர்கள், மோட்டாரோடு சேர்த்தே சுத்தம் செய்யுங்கள். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு கத்தியின் குழியிலும் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். இறுகியதைப் பிழிந்த ஈரத் துணியாலும் காதுக் குச்சியாலும் எடுங்கள். சக்கரம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டால் தூசி மோட்டாருக்குள் இறங்காது.

ஏதாவது ஒரு கத்தியில் சின்ன உலோகக் கிளிப் செருகியிருப்பதைப் பார்த்தால் அதை அழுக்கென்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். தொழிற்சாலையில் சக்கரத்தைச் சமநிலைப்படுத்த வைத்த எடை அது. பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி விளையாடுவதும் வேண்டாம். காற்று அடித்தே ஆக வேண்டும் என்றால் சக்கரத்தைக் கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்று அதைத் தன் அளவை மீறிச் சுழற்றினால் புஷ்ஷும் கத்திகளும் பாழாகும்.

சுத்தமான பிறகு விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் லேசாகப் படி படியாக நிற்பது போலத் தெரியும், அது குறையல்ல. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் நகரலாம். பக்கவாட்டில் 'கடக்' என்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, இனி எண்ணெய் உதவாது.

எண்ணெய் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் காரில் கீச்சுச் சத்தம் வந்தபோது, துரு நீக்கும் ஸ்ப்ரேயைக் குழாய் வைத்து மோட்டாருக்குள் தாராளமாக அடித்தேன். உடனே சத்தம் நின்றது. இரண்டு வாரத்தில் முன்னைவிடப் பலமாகக் கத்தியது, ஒரு மாதம் காருக்குள் மண்ணெண்ணெய் போன்ற வாசனை. இந்த மோட்டார்களில் இருப்பது பெரும்பாலும் துளைகள் நிறைந்த வெண்கலப் புஷ். எண்ணெயைத் தன் துளைகளிலேயே ஊறவைத்துக்கொண்டு ஓடும். அந்த ஸ்ப்ரேயில் பெரும்பகுதி கரைப்பான், ஊறியிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஊசி முனையால், தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் விடுங்கள். கையால் இருபது சுற்றுச் சுற்றுங்கள், வழிந்ததைத் துடையுங்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் எண்ணெய் போனால் கார்பன் தூளோடு குழைந்து மோட்டாரையே முடக்கும். கீச்சுச் சத்தம் இல்லாத உங்கள் வண்டிக்கு எண்ணெயே தேவைப்படாது என்பது என் கணிப்பு.

மோட்டார் வெளியே இருக்கும்போது அது இருந்த ஓட்டைக்குள்ளும் டார்ச் அடியுங்கள். கூட்டுக்குள் கிடக்கும் குப்பையை வாக்குவம் க்ளீனரால் உறிஞ்சுங்கள். இதை விட்டுவிட்டு மாட்டினால் மறுநாளே அதே டக் டக். உள்ளே தெரியும் மெல்லிய அலுமினியத் தகடுகள் கூலிங் காயில், அதைக் குச்சியால் குத்தாதீர்கள். ஈரக்கறை தெரிந்தால் வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் துளை அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் விட்டால் சுத்தம் செய்த மோட்டார் அடுத்த மழையில் துருப்பிடிக்கும்.

பக்கத்திலேயே இரண்டு ஸ்க்ரூவில் ரெசிஸ்டர் இருக்கும். வேகத்தைக் குறைப்பது அதுதான். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுவதால் காற்று படும் இடத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள். மேல் வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேரே போகும். அதனால் 'நான்கில் மட்டும் ஓடுகிறது, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ரெசிஸ்டரை மாற்றினால் போதும். ஆட்டோமேடிக் ஏசி வண்டிகளில் இந்த வேலையை ஒரு மின்னணுப் பாகம் செய்கிறது. உங்களுக்கு எல்லா வேகமும் வருவதால் இங்கே படிந்த பஞ்சை மட்டும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

பூட்டும்போது மார்க்கர் கோடுகள் இரண்டும் சேர வேண்டும். மூன்று ஸ்க்ரூவையும் முதலில் விரலால் பிடிக்க வைத்து, பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூ என்பதால் நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், இன்னும் அரைத் திருகு கொடுத்தால் மரை கழன்றுவிடும். கிளவ் பாக்ஸை மாட்டும் முன் ஃபில்டர் வைக்கும் ஓட்டை வழியாக விரலை விட்டுச் சக்கரத்தைத் தள்ளிப் பாருங்கள். எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். கையை வெளியே எடுத்த பிறகே பேட்டரியை மாட்டி, முதல் வேகத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதலில் கொஞ்சம் புழுதி வரும், கதவுகளைத் திறந்து வையுங்கள். ஃபில்டர் கறுத்திருந்தால் தட்டித் திரும்பப் போடாமல் புதிது வாங்கிப் போடுங்கள், காற்று குறைந்ததற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும்.

இனி இலை இறங்காமல் இருக்க, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையில் கிடப்பதைக் கையால் அள்ளிவிடுங்கள். தண்ணீர் அடித்துத் தள்ளினால் அது உள்ளேதான் போகும். நிறுத்தும் முன் காற்றை உள்சுற்றுக்கு மாற்றிவிட்டு இன்ஜினை அணைத்தால் பெரும்பாலான வண்டிகளில் வெளிக்காற்று வழியின் தட்டு மூடியபடியே நிற்கும். மச்சான் வண்டியில் அந்தப் பழக்கத்துக்குப் பிறகு எலி வரவில்லை. சல்லடை உடைந்திருந்தால் உலோகக் கொசுவலையை வெட்டி அடியில் வைத்துக் கட்டலாம்.

இவ்வளவும் செய்து மாட்டிய பிறகும் மூன்றில் அதிர்ந்தால் கத்தி ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது சக்கரத்தோடு சேர்ந்த புது மோட்டார் வாங்குங்கள். பழையதைக் கடைக்கே கொண்டுபோய், கப்ளர், ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளி, சக்கரத்தின் உயரம், சுழலும் திசை நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும் வழி இனி உங்களுக்கே தெரியும்.